மழுங்கிய பிட்டைத் தூக்கி எறிவதற்கு முன்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டிரில் பிட் பற்றியவை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். புதிதாக வாசிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: நான் ஓர் இயந்திரப் பட்டறையின் கருவி அறையில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவள். காலையில் ஜன்னல் வழியாகப் பிட்டுகளை எண்ணிக் கொடுப்பேன். மாலையில் எண்ணித் திரும்ப வாங்குவேன். உடைந்தது, மழுங்கியது, நீலம் பாய்ந்தது எல்லாம் என் மேசைக்குத்தான் வந்து சேரும். எது எப்படிக் கெட்டது என்று பார்த்துப் பார்த்துத்தான் எதை வாங்க வேண்டும், எதற்கு வீணாகச் செலவழிக்க வேண்டாம் என்று கற்றுக்கொண்டேன்.

கேள்வி: அம்மா, புது வீட்டுக்குக் குடிவந்ததும் 99 பிட்டுகள் கொண்ட பெட்டி ஒன்று வாங்கினேன். எல்லாம் தங்க நிறத்தில் மின்னின, விலையும் குறைவு. அலமாரி மாட்டுவதற்காகச் சுவரில் துளையிட்டேன். அரை அங்குலம் போனதும் நின்றுவிட்டது. வெளியே எடுத்தால் முனை உருண்டு நீலமாக இருக்கிறது. இப்படியே மூன்று பிட்டுகள் போய்விட்டன. விலை உயர்ந்ததைத்தான் வாங்க வேண்டுமா?

பதில்: அந்த மூன்றையும் விளக்கு வெளிச்சத்தில் வைத்து முனையைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒரு சிறு தகடு குறுக்காகப் பதித்திருக்கிறதா? இருக்காது என்றே நினைக்கிறேன். அடி முதல் நுனி வரை ஒரே உலோகம் என்றால் அது மரத்துக்கும் இரும்புக்குமான பிட். சுவருக்கு அது ஆகாது. சுவரில் இருக்கும் மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ். பதமேற்றிய, அதாவது சூடாக்கிக் குளிரவைத்து இறுகச் செய்த எஃகைவிடக் கடினமானது. எஃகு முனையை அதில் சுழற்றினால் சுவர்தான் பிட்டை ராவும்.

சுவருக்கு வேண்டியது டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த கான்கிரீட் பிட். அது மரத்தைச் சீவுவதுபோலச் சீவுவதில்லை. தட்டித் தட்டி நொறுக்கும். ஆகவே கான்கிரீட்டில் டிரில்லை ஹேமர் குறிக்கு மாற்றியாக வேண்டும். வாங்கும்போது கார்பைடு தகடு தண்டின் நடுவில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, இரண்டு பக்கமும் தண்டைவிடச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, பற்றவைத்த கோடு இடைவெளி இல்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் நீட்டியிருந்தால் துளை பெரிதாகும். அப்படிப்பட்ட பிட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

தங்க நிறத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் ஐந்து கடிதங்களில் அதைக் கேட்டிருக்கிறார்கள். உண்மையான தங்க நிறம் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. சில மைக்ரான் தடிமன்தான் இருக்கும் (ஒரு மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). நல்ல எஃகின் மேல் பூசினால் உரசல் குறையும், ஆயுள் கூடும். மட்டமான எஃகின் மேல் பூசினால் அடியில் இருப்பது மட்டமான எஃகுதான். வெட்டும் விளிம்பை ஒருமுறை சாணை பிடித்தால் அந்த இடத்தில் பூச்சும் போய்விடும். ஆகவே நிறத்துக்காகப் பணம் கொடுக்காதீர்கள். உள்ளே இருப்பது எந்த எஃகு என்று கேளுங்கள்.

மர, இரும்பு வேலைக்கு அந்த எஃகு 'எச்.எஸ்.எஸ்.' ஆக இருக்க வேண்டும், அதாவது ஹை ஸ்பீடு ஸ்டீல். சாதாரணக் கார்பன் எஃகு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே பதம் இறங்கத் தொடங்கும். நீலம் படர்ந்துவிட்டால் ஏறத்தாழ 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள், பதம் போய்விட்டது. எச்.எஸ்.எஸ். ஏறத்தாழ 600 டிகிரி வரை தாங்கும். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் இந்த வகை எஃகை முதன்முதலில் காட்டியபோது, வெட்டும் முனை சூட்டில் சிவந்த நிலையிலும் இரும்பைச் சீவிக்கொண்டே போனதாம். வேகமாக ஓட்டலாம் என்பதால்தான் அந்தப் பெயர். பிட்டின் அடித்தண்டில் அளவும் எச்.எஸ்.எஸ். என்ற குறியும் பொறித்திருக்கும். எதுவும் பொறிக்காத வழவழப்பான தண்டைக் கண்டால் எனக்கு நம்பிக்கை வராது.

இந்த வகையிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்று உருட்டிச் செய்தது. பெரும்பாலும் கறுப்பாக இருக்கும், விலை குறைவு. மற்றது சாணையில் கடைந்தெடுத்தது. பளபளப்பாக, அளவு துல்லியமாக இருக்கும், விலை கூடுதல். உறையில் முன்னதை எச்.எஸ்.எஸ்.-ஆர், பின்னதை எச்.எஸ்.எஸ்.-ஜி என்று எழுதுவார்கள். வீட்டில் கையால் பிடித்துத் துளையிடுகிறவர்களுக்கு நான் கறுப்பு பிட்டைத்தான் பரிந்துரைக்கிறேன். கை எப்படியும் கொஞ்சம் ஆடும். கறுப்பு பிட் சற்று வளைந்து கொடுக்கும். கடைந்த பிட் அந்த ஆட்டத்துக்குச் சட்டென்று ஒடிந்துவிடலாம். என் மேசைக்கு ஒடிந்து வந்த மெல்லிய பிட்டுகளில் பெரும்பாலானவை விலை உயர்ந்தவைதான்.

இனி வாங்க வேண்டியது. கான்கிரீட் பிட் 6 மி.மீ., 8 மி.மீ. ஆகிய இரண்டு. கறுப்பு எச்.எஸ்.எஸ். 2, 3, 4, 5, 6 மி.மீ. ஆகிய ஐந்து. மரத்துக்கு நடுவில் ஊசிமுனை வைத்த பிட் 6, 8, 10 மி.மீ. ஆகிய மூன்று. மொத்தம் பத்து பிட்டுகள். உங்கள் 99 பிட்டுகளை எண்ணிப் பாருங்கள்: சிறிய அளவுகளே பத்துப் பத்தாக அடுக்கியிருக்கும். ஒன்றரை மி.மீ. பிட் பத்தை வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் என்ன செய்வது? இந்தப் பத்தில் எது முதலில் மழுங்குகிறதோ அதை மட்டும் மறுபடி வாங்குங்கள், அப்போது ஒரு படி உயர்ந்த தரத்தில் வாங்குங்கள். உங்கள் வீட்டுக்கு எதில் பணம் போடலாம் என்பதை அந்தப் பிட்டே காட்டிவிடும்.

பழைய பெட்டியை வீசிவிட வேண்டாம். மென்மரம், பிளாஸ்டிக், மெல்லிய அலுமினியத் தகடு இவற்றுக்கு அது போதும்.

கேள்வி: கோபால்ட் பிட் வாங்கினால் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும் என்று கடைக்காரர் சொல்கிறார். உண்மையா அம்மா?

பதில்: இல்லை. சுவருக்கு அதுவும் ஆகாது. கோபால்ட் என்பது எச்.எஸ்.எஸ். எஃகிலேயே கோபால்ட் கலந்தது: எம்.35 என்றால் 5 சதவீதம், எம்.42 என்றால் 8 சதவீதம். சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும், ஆனால் முறியும் தன்மையும் கூடுதல். எவர்சில்வரில் துளையிடும் வேலை இருந்தால், வேண்டிய ஓர் அளவை மட்டும் கோபால்டில் வாங்குங்கள்.

எவர்சில்வரில் மெதுவாக ஓட்டி, அழுத்திப் பிடித்து, எண்ணெய் விட்டுத் துளையிட வேண்டும். சாதாரண இரும்பில் 6 மி.மீ. பிட்டை நிமிடத்துக்கு 1300 சுற்று வரை ஓட்டலாம் என்றால், எவர்சில்வரில் அதில் பாதிக்கும் கீழே. அழுத்தாமல் சும்மா சுழல விட்டால் அந்த உலோகம் உரசலிலேயே இறுகிப்போகும். இறுகிய இடத்தில் பிறகு எந்தப் பிட்டும் இறங்காது. 'இதுவரை நன்றாகப் போனது, திடீரென நின்றுவிட்டது' என்று வரும் கடிதங்களில் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கேள்வி: குளியலறை டைலில் துணி மாட்டும் கொக்கி வைக்க முயன்றேன். முதல் டைல் துளையிடும்போதே உடைந்தது. இரண்டாவது டைலில் துளை அழகாக வந்தது. ஸ்குரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக்கைத் துளையில் செருகி ஸ்குரூவை முறுக்கினேன். கடைசிச் சுற்றில் 'டக்' என்று சத்தம், துளையிலிருந்து மூலை வரை விரிசல். டைலுக்கென்றே விற்கும் பிட்டைத்தான் வாங்கினேன். பிட் சரியில்லையா?

பதில்: இரண்டாவது துளை அழகாக வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆகவே பிட் நல்ல பிட். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டைல்களும் இரண்டு வேறு காரணங்களால் உடைந்தன.

முதலாவது, ஹேமர் குறியில் வைத்துத் துளையிட்டிருப்பீர்கள். டைல் தட்டலைத் தாங்காது. டைலின் தடிமன் முழுவதும் கடக்கும் வரை வெறும் சுழற்சிதான், அதுவும் குறைந்த வேகத்தில்.

இரண்டாவதை நீங்கள் துல்லியமாக எழுதியதால்தான் காரணம் தெரிந்தது. பிளக்கின் வேலையே ஸ்குரூ உள்ளே போகும்போது விரிந்து சுவரை இறுகப் பிடிப்பது. உங்கள் பிளக்கின் வாய் டைலின் மட்டத்தில் நின்றிருக்கிறது. ஸ்குரூ இறங்க இறங்க அது டைலுக்குள்ளேயே விரிந்திருக்கிறது. பளபளப்பான டைல் அந்த விரிவுக்கு வழிவிடாது, பிளந்துவிடும். அடுத்த முறை பிளக்கை டைலின் தடிமனையும் தாண்டி உள்ளே தள்ளிவிடுங்கள். ஒரு ஸ்குரூவின் தலையை வைத்து மெதுவாகத் தட்டினால் போதும். டைலில் போடும் துளையும் பிளக்கைவிட ஒரு மி.மீ. பெரிதாக இருக்கலாம், பின்னால் உள்ள சுவரில்தான் அளவு சரியாக இருக்க வேண்டும்.

டைலுக்கு விற்கும் பிட்டுகளில் ஈட்டி முனை வடிவில் கார்பைடு வைத்தது விலை குறைவானது. சாதாரண செராமிக் டைலுக்கு அது நன்றாக வேலை செய்யும். விட்ரிஃபைடு டைல் அதைவிடக் கடினமானது. அதற்கு விளிம்பில் வைரத்தூள் ஒட்டிய குழாய் வடிவப் பிட் வேண்டும். இதில் மலிவானதை வாங்கினாலும் பரவாயில்லை, ஆனால் ஒரு நிமிடம்கூட உலரவிடக் கூடாது. ஒரு குடுவையில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஊற்றியபடியே இருங்கள். முடிந்தால் ஒருவர் ஊற்ற, ஒருவர் துளையிட. மின்சாரக் கம்பி போடாத, மின்கலத்தில் ஓடும் டிரில் இதற்குப் பாதுகாப்பானது. நடுவில் ஊசி இல்லாததால் குழாய்ப் பிட் தொடக்கத்தில் வழுக்கும். சாய்த்துப் பிடித்து ஒரு பிறைக் கீறல் விழுந்ததும் மெல்ல நிமிர்த்துங்கள். டைலின் ஓரத்துக்கு மிக அருகில் துளை வேண்டாம்.

கேள்வி: எனக்கும் என் கணவருக்கும் ஒரு வாரமாக வழக்கு நடக்கிறது. 8 மி.மீ. பிளக், 8 மி.மீ. கான்கிரீட் பிட். ஆனாலும் பிளக் துளைக்குள் தளர்ந்து சுற்றுகிறது. ஸ்குரூவைக் கையால் இழுத்தால் பிளக்கோடு வந்துவிடுகிறது. பிட்தான் கோளாறு என்கிறேன் நான். சுவர்தான் கோளாறு என்கிறார் அவர். தீர்ப்புச் சொல்லுங்கள்.

பதில்: ஒரு கண்ணாடிப் பலகையின் மேல், அகன்ற கார்பைடு முனையை மட்டும் ஓரத்துக்கு வெளியே விட்டு, பிட்டை உருட்டுங்கள். முனைப் பக்கம் எழும்பி எழும்பி விழுந்தால் பிட் வளைந்திருக்கிறது. நீங்கள் சொன்னது சரி. சீராக உருண்டால் அடுத்து டிரில்லில் மாட்டி, சுவரில் வைக்காமல் ஓட்டிப் பாருங்கள். முனை ஒரு புள்ளியாகத் தெரியாமல் வட்டமாகத் தெரிந்தால், பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக் சரியாக இறுகவில்லை. மூன்று தாடைகளுக்கு நடுவே பிட் நேராக உட்காராமல், இரண்டுக்கு இடையில் சாய்ந்து மாட்டியிருக்கும். இது அடிக்கடி நடக்கும்.

இரண்டும் சரி என்றால் உங்கள் கணவர் பக்கம் பார்ப்போம். துளையிடும்போது வந்த தூளின் நிறத்தைக் கவனித்தீர்களா? முதலில் சிமெண்ட் பூச்சின் சாம்பல், பிறகு செங்கல்லின் சிவப்பு. சிவப்பு வந்த பிறகும் ஹேமரில் ஓட்டியிருந்தால் செங்கல் நொறுங்கித் துளை அகன்றிருக்கும். செங்கல், உள்ளீடற்ற கல், காற்றுக் குமிழ் கொண்ட இலகு கான்கிரீட் கல் இவற்றில் ஹேமரை நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியில் போங்கள். அதிலும் தளர்ந்தால் 8 மி.மீ. பிளக்குக்கு 7 மி.மீ. பிட்டைப் போட்டுப் பாருங்கள். கான்கிரீட் பிட்டின் முனை பெயரளவைவிடச் சற்றுப் பெரிதாகத்தான் செய்யப்படுகிறது, ஆகவே இது இறுகும்.

இன்னொன்று, பிளக் முழுவதும் பூச்சுக்குள்ளேயே நின்றுவிடக் கூடாது. பூச்சைத் தாண்டிக் கல்லில் உட்கார வேண்டும். துளையைப் பிளக்கைவிட ஒரு சென்டிமீட்டர் ஆழமாகப் போட்டு, உள்ளே இருக்கும் தூளை ஊதி எடுங்கள். ஊதும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஸ்குரூவின் நீளம் என்பது பிளக்கின் நீளம், மாட்டும் பொருளின் தடிமன், ஸ்குரூவின் விட்டம் மூன்றையும் கூட்டியது. அதைவிடக் குட்டையாக இருந்தால் பிளக்கின் நுனி விரியாமலே நிற்கும். 8 மி.மீ. பிளக்குக்கு 5 மி.மீ. பருமன் ஸ்குரூ நல்ல பொருத்தம்.

என் ஊகத்தைக் கேட்டால், கணவர் பக்கம் சற்றுக் கனமாக இருக்கிறது. ஆனால் கண்ணாடியில் உருட்டிப் பார்த்த பிறகே தீர்ப்பு.

கேள்வி: அறுகோணத் தண்டு உள்ள பிட்டும் உருண்டைத் தண்டு பிட்டும் ஒன்றுதானா?

பதில்: வெட்டும் முனை ஒன்றே. அறுகோணத் தண்டு ஸ்குரூ முடுக்கும் கருவியில் உடனே மாட்டவும் கழற்றவும் வசதி, சக்கில் வழுக்காது. ஆனால் மலிவானவற்றில் தண்டும் பிட்டும் தனித்தனியாகச் செய்து பொருத்தப்பட்டிருக்கும், அந்த இணைப்பு கோணலாக இருந்தால் முனை ஆடும். நுணுக்கமான வேலைக்கு உருண்டைத் தண்டு. தண்டில் நீளவாக்கில் பள்ளங்கள் இருந்தால் அது எஸ்.டி.எஸ். வகை, அதற்கென உள்ள ஹேமர் இயந்திரத்தில்தான் மாட்டலாம், சாதாரணச் சக்கில் போடாதீர்கள்.

கேள்வி: பாட்டி, நான் ஏழாம் வகுப்புப் படிக்கிறேன். இரும்புப் பட்டையில் அப்பாவோடு சேர்ந்து துளை போட்டேன். நான் குறித்த இடத்தில் பிட் நிற்காமல் நடந்து நடந்து வேறு இடத்துக்குப் போய்விட்டது. என் கை சரியில்லை என்று அண்ணன் சொல்கிறான்.

பதில்: கண்ணம்மா, உன் கையில் குறை இல்லை. ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துப் பிட்டின் முனையை நேராகப் பார். இரண்டு பக்கமும் இரண்டு வெட்டும் விளிம்புகள் தெரியும். அவை நடுவில் ஒரு புள்ளியில் சேராது. ஒரு சிறு கோட்டில் சேரும். உளியின் வாய்போல இருக்கும் அந்தக் கோடு வெட்டாது. வெறுமனே அழுத்தித் தேய்க்கும். முதல் சில சுற்றுகளில் அந்தக் கோடு மட்டும்தான் இரும்பைத் தொடுகிறது. அது பிடிமானம் இல்லாமல் வழுக்கி ஓடுகிறது. யார் கையில் இருந்தாலும் ஓடும். அண்ணனிடம் ஒரு பிட்டைக் கொடுத்து அவனையும் போடச் சொல்.

குறித்த இடத்தில் சென்டர் பஞ்சை, அதாவது கூர்முனை உள்ள எஃகுக் கம்பியை, நிமிர்த்தி வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. அந்தக் குழியில் கோடு உட்கார்ந்துகொள்ளும், நடக்காது. 6 மி.மீ. துளை வேண்டும் என்றால் முதலில் 2 அல்லது 3 மி.மீ. பிட்டால் போட்டுவிட்டு அதைப் பெரிதாக்கு. முனையின் கோணம் 135 டிகிரியாக இருந்து, நடுக்கோட்டையும் பிளந்து சாணை பிடித்த பிட்டுகள் உண்டு. அவை குறைவாக நடக்கும். ஆனால் பஞ்ச் இருந்தால் 118 டிகிரி உள்ள சாதாரணப் பிட்டே போதும், அப்பாவுக்குச் செலவு வைக்காதே.

இதைக் கவனமாகப் படி. துளையிடும்போது கையுறை போடக் கூடாது. தலைமுடியை இறுகக் கட்ட வேண்டும், சட்டைக் கையை மடித்துவிட வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். பட்டையைக் கையால் பிடிக்காமல் பலகையோடு கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். என் ஜன்னலுக்கு எதிரே வேலை பார்த்த ஒருவரின் கையுறையிலிருந்து ஒரே ஒரு நூல் பிட்டில் சிக்கியது. மெஷினின் சுவிட்சை எட்ட எனக்கு மூன்று எட்டுத்தான். அந்த மூன்று எட்டுக்குள் அவருடைய மணிக்கட்டு முறிந்துவிட்டது. இதை உனக்கு மட்டுமல்ல, உன் அண்ணனுக்கும் படித்துக் காட்டு.

கேள்வி: என் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. வீட்டின் சின்னச் சின்ன வேலைகளையெல்லாம் தாமே செய்வார். அவருடைய தகர டப்பாவில் நாற்பது பிட்டுகள் இருக்கின்றன, பாதி துருப்பிடித்தவை. எடைக்குப் போட்டுவிட்டுப் புதிய பெட்டி வாங்கச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. எதையாவது பயன்படுத்த முடியுமா? அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றில் பாதி நீளமே இருக்கிறது. உடைந்ததா என்று தெரியவில்லை.

பதில்: எடைக்குப் போடாதீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

முதலில் எல்லாவற்றையும் எண்ணெயில் ஓரிரவு ஊறவைத்து, இரும்புக் கம்பளியால் தேய்த்துத் துடையுங்கள். துரு மேலோட்டமாக இருந்தால் போய்விடும். பிட்டைச் சுற்றி முறுக்கிக்கொண்டு ஓடும் புரியின் உட்பள்ளத்தில் துரு இருந்தாலும் பெரிய கேடில்லை. வெட்டும் விளிம்பிலும், புரியின் ஓரமாக ஓடும் மெல்லிய பட்டையிலும் குழி விழுந்திருந்தால்தான் கேடு. அவற்றைத் தனியாக வைத்துவிடுங்கள்.

அடுத்து, தண்டில் பொறித்திருப்பதைப் படியுங்கள். பழைய பிட்டுகளில் அங்குல அளவு இருக்கும்: கால் அங்குலம் என்றால் 6.35 மி.மீ., அரைக்கால் அங்குலம் என்றால் 3.175 மி.மீ. எழுத்து தேய்ந்திருந்தால் வெர்னியர் அளவுகோலை முனைக்கு அருகில், இரண்டு ஓரப் பட்டைகளின் மேலும் வைத்து அளவெடுங்கள். தண்டில் அளந்தால் சற்றுக் குறைவாகக் காட்டலாம். எச்.எஸ்.எஸ். என்று பொறிக்காதவற்றை, கண்ணாடி போட்டுக்கொண்டு, தண்டின் நுனியைச் சாணையில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பொறி வெண்மஞ்சளாக, பூத்துப் பூத்துச் சிதறினால் கார்பன் எஃகு, மரத்துக்கு மட்டும். பொறி மங்கிய செந்நிறத்தில், அதிகம் பூக்காமல் விழுந்தால் அது எச்.எஸ்.எஸ்.

பிறகு சாணை. எனக்கு மிகவும் பிடித்த வேலை இது, ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். 6 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட ஒரு பிட்டில் தொடங்குங்கள். மெல்லியவை கைக்கு அடங்காது. சாணைக்கல்லின் முகத்துக்கு 59 டிகிரி சாய்வில் பிட்டைப் பிடியுங்கள். சாதாரணப் பிட்டின் முனைக் கோணமான 118-இல் பாதி 59. கல்லுக்கு முன்னால் கை வைக்கும் தாங்கியில் அந்தச் சாய்வை ஒரு சுண்ணக்கோடாகப் போட்டு வைத்துக்கொண்டால் கண் தானே பழகும். வெட்டும் விளிம்பு கிடைமட்டமாக இருக்கும்படி வைத்து, மெல்லத் தொட்டு, தண்டின் பின்பகுதியைச் சற்றே கீழே இறக்குங்கள். விளிம்பு உயரமாகவும் அதன் பின்புறம் தாழ்வாகவும் அமைய வேண்டும். பின்புறம் உயர்ந்துவிட்டால் பிட் இரும்பின் மேல் உட்கார்ந்து தேயுமே தவிர வெட்டாது. ஒரு பக்கம் தொட்டதும் மறுபக்கம், அதே அழுத்தம், அதே கணக்கு. சூடேறினால் நிறுத்துங்கள். எச்.எஸ்.எஸ். சூட்டைத் தாங்கும் என்றாலும், கொதிக்கும் முனையைத் தண்ணீரில் முக்கினால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழலாம். கார்பைடு முனையைச் சூட்டோடு தண்ணீரில் வைக்கவே கூடாது.

சரியாக வந்ததா என்று அறிய ஓர் இரும்புத் துண்டில் துளையிட்டுப் பாருங்கள். இரண்டு புரிகளிலிருந்தும் ஒரே அளவில் இரண்டு சுருள்கள் எழுந்து வந்தால் நீங்கள் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். ஒரு பக்கம் மட்டும் சுருள் வந்து மறுபக்கம் தூளாக வந்தால் ஒரு விளிம்பு நீண்டிருக்கிறது. துளையும் பிட்டைவிடப் பெரிதாக இருக்கும். மறுபடி குட்டையான பக்கத்தை மட்டும் தொடுங்கள், தேயத் தேய அந்த விளிம்பு நீளும். நான் இதைப் பழக ஒரு மாதம் ஆனது. என் மேலாளர் தினமும் மாலையில் நான் பிடித்த பிட்டைச் சுருள் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்வார்.

இப்போது அந்தப் பாதி நீளப் பிட். உடைந்ததாக இருந்தால் யாரும் டப்பாவில் வைத்திருக்க மாட்டார்கள், முனை அமைத்திருக்க மாட்டார்கள். முனையை நேராகப் பாருங்கள். பிட்டின் நடுத்தண்டு, முனையிலிருந்து அடிக்குப் போகப் போகத் தடிக்கும்படிச் செய்யப்பட்டது. ஆகவே சாணை பிடித்துப் பிடித்துக் குறைந்த பிட்டில் அந்த நடுக்கோடு அகன்றுவிடும், இறங்க மறுக்கும். விவரம் தெரிந்தவர்கள் சாணைக்கல்லின் மூலையில் வைத்து அந்தக் கோட்டை இரண்டு பக்கமும் மெலிதாக்குவார்கள். உங்கள் அப்பாவின் பிட்டில் நடுக்கோட்டின் இருபுறமும் சிறிய பள்ளமாகச் சாணைத் தடம் தெரிகிறதா? தெரிந்தால் அது அவர் கை. புதிய 6 மி.மீ. பிட் 93 மி.மீ. நீளம் இருக்கும். ஒரு சாணைக்கு அரை மி.மீ. குறையும் என்று வைத்துக்கொண்டாலும், பாதியாவதற்கு எத்தனை மாலைகள் அவர் அதோடு உட்கார்ந்திருப்பார்!

குட்டையான பிட் வளையாது, நடக்காது. இரும்புத் தகட்டுக்கு உங்கள் டப்பாவில் அதைவிட நல்லது இருக்காது. ஆனால் அதை முதலில் சாணையில் வைக்காதீர்கள். மற்றப் பிட்டுகளில் ஒரு பத்தைப் பிடித்து, இரண்டு சுருள்களும் சமமாக வருகிற நாளில் அதை எடுங்கள். அதுவரை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள். அதன் முனையைப் படம் எடுத்து அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.